தோற்கவே முடியாத தேர்தலில் தோற்பது எப்படி?

வாருங்கள், உட்காருங்கள். தேர்தல் வியூக வகுப்பாளர் ஆகவேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். ஜெயிக்கச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் போகாதீர்கள். பணம், பெயர், பதவி, முன்னிலை எல்லாம் உள்ள வேட்பாளரை மூன்றே மாதத்தில் வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான் தனித்திறமை வேண்டும். அந்தத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டை தீட்டுவது மட்டும்தான் என் வேலை.

பாடமாக ஒரே ஒரு பிரசாரம் போதும். 2006-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் ஆலன் மறுபடியும் நின்ற தேர்தல். ஆலன் லேசுப்பட்ட ஆளில்லை. 1994 முதல் 1998 வரை ஆளுநர் (அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், நம்மூர் முதலமைச்சர் மாதிரி). 2000-இல், பதவியில் இருந்த செனட்டர் சக் ராபைத் தோற்கடித்தவர். அப்பா வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புகழ்பெற்ற பயிற்சியாளர், அவர் பெயரும் ஜார்ஜ் ஆலன்தான். 2008-இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆகக்கூடியவர் என்று கட்சிக்குள் பலர் மகன் மீது கண் வைத்திருந்தார்கள். செனட் தேர்தல் அவருக்கு வெள்ளை மாளிகைக்குப் போகிற வழியில் ஒரு சுங்கச்சாவடி. காசைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

அந்தச் சாவடியிலேயே வண்டியைக் குடைசாய்த்தார்கள். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு பெரிய தலையைச் சாய்த்துக் காட்டுங்கள்

தோல்விக்கு அடித்தளம் பழைய வெற்றி. ஜெயித்துக் காட்டாதவன் பேச்சை எந்த வேட்பாளரும் கேட்கமாட்டான். கேட்காவிட்டால் அவனைக் கவிழ்ப்பது எப்படி? ஆலனின் பிரசார மேலாளர் டிக் வாடம்ஸ் கொலராடோக்காரர். 2004-இல் தெற்கு டகோட்டாவில் ஜான் தூனின் பிரசாரத்தை நடத்தியவர். எதிரே நின்றவர் டாம் டாஷல், செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். வித்தியாசம் 4,508 ஓட்டு. செனட்டில் ஒரு கட்சியின் தலைவர் தன் சொந்தத் தொகுதியில் தோற்றது 1952-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அந்தப் பிரசாரத்தில், டாஷலையும் உள்ளூர்ப் பத்திரிகையையும் இணையத்தில் தாக்கி எழுதிவந்த இரண்டு பேருக்கு வேட்பாளர் தரப்பிலிருந்து சம்பளம் போயிருந்தது. இணையம் என்பது ஓர் ஆயுதம் என்று அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்ட மூளை. ஆயுதத்தை எதிராளியும் கையில் எடுப்பான் என்கிற அற்ப விஷயத்தில் அந்த மூளை நேரத்தை வீணாக்கவில்லை.

அடுத்த கார்ல் ரோவ் இவர்தான் என்று பேச்சு எழுந்தது. புஷ்ஷை இரண்டு முறை ஜனாதிபதி ஆக்கிய ரோவ். உங்களைப் பற்றியும் அப்படி யாராவது எழுதினால் வெட்கப்பட்டு மறுக்காதீர்கள். கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் இருக்கும்வரை உங்கள் யோசனையை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

2. கொள்கை வேண்டாம், பட்டப்பெயர் வையுங்கள்

இதில் உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு நீங்கள் வைத்த பெயர் இன்றைக்கும் அந்த ஊரில் புழங்குகிறது. அதே வித்தைதான், இதற்குச் சம்பளம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொலராடோவில் செனட் வேட்பாளர் வெய்ன் ஆலர்டுக்காக வேலை பார்த்தபோது எதிர் வேட்பாளர் டாம் ஸ்ட்ரிக்லண்டுக்கு வாடம்ஸ் முகாம் வைத்த பெயர் ‘லாயர்-லாபியிஸ்ட்’. சட்டம் படித்த தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரமா, வரியா, குடிநீரா, எதைப் பற்றிக் கேட்டாலும் பதிலில் அந்தப் பெயர் வரும். கேட்கிறவனுக்குச் சலித்துப்போகும். சொல்கிறவனுக்குச் சலிக்கக்கூடாது, அதுதான் தொழில் ரகசியம். எதிராளி தன் முழுப்பெயரையே மறக்கும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

இந்தப் பழக்கத்தை வேட்பாளருக்கும் தொற்றவையுங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்காத நாளில் அவரே மேடையில் சொந்தமாக ஒன்று வைப்பார். அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறோம்.

3. கேமராவுக்கு நேராகக் கைநீட்டுங்கள்

2006 ஆகஸ்ட் 11. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை, கென்டக்கி எல்லையோரம் பிரேக்ஸ் என்கிற மலைப் பூங்கா. ஏறக்குறைய 100 ஆதரவாளர்கள், எல்லாரும் வெள்ளையர்கள். கூட்டத்தில் மஞ்சள் சட்டை போட்ட 20 வயது மாணவர் ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறார். எதிர் வேட்பாளர் ஜிம் வெப்பின் ‘டிராக்கர்’. வேட்பாளர் போகிற இடமெல்லாம் போய், பேசுவதையெல்லாம் பதிவு செய்வது வேலை. இரண்டு கட்சிகளும் இப்படி ஆள் அனுப்பும். விஷயம் தெரிந்த வேட்பாளர், கேமராவைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுத் தன் பேச்சைத் தொடர்வார்.

நீங்கள் அப்படி விடக்கூடாது. ஆலன் செய்த வரிசையைக் கவனியுங்கள், இதில் கலை இருக்கிறது. முதலில், இந்தப் பிரசாரத்தை ஆக்கபூர்வமான, நேர்மறையான யோசனைகளோடு நடத்தப்போகிறோம் என்று அறிவித்தார். அடுத்த மூச்சிலேயே மஞ்சள் சட்டையை நோக்கிக் கையை நீட்டினார். அதோ அந்த ஆள், ‘மக்காக்கா’வோ என்னமோ அவர் பெயர், நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்றார். வெப் இப்போது ஹாலிவுட் பட முதலாளிகளோடு இருக்கிறார், நமக்கு நிஜம்தான் முக்கியம், கற்பனை அல்ல என்றார். (இந்த வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். அக்டோபரில் தேவைப்படும்.) கடைசியாக, மக்காக்காவை வரவேற்போம், அமெரிக்காவுக்கும் வர்ஜீனியாவின் அசல் உலகத்துக்கும் நல்வரவு என்றார். கூட்டம் சிரித்தது.

மஞ்சள் சட்டைக்காரரின் பெயர் எஸ்.ஆர். சித்தார்த். இந்திய வம்சாவளி. பிறந்து வளர்ந்தது வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, படித்துக்கொண்டிருந்தது வர்ஜீனியா பல்கலைக்கழகம். நல்வரவு சொன்ன செனட்டர் பிறந்தது கலிஃபோர்னியாவில். வந்தவர் இருந்தவரை வரவேற்கிற காட்சியை எந்த வியூக வகுப்பாளரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது. அது தானாக அமையவேண்டும். வேட்பாளரின் வாய்க்குப் பூட்டுப் போடாமல் விட்டுவைப்பது மட்டும்தான் உங்கள் பங்கு.

அதையும் யார் முன்னால் செய்தார்? எதிராளியின் கேமராவுக்கு முன்னால். யூடியூப் என்கிற கடை அப்போதுதான் திறந்திருந்தது, முந்தின வருஷம். ஒரு செனட் தேர்தலைப் புரட்டிப்போடும் முதல் சரக்கை ஆலனே எடுத்துக்கொடுத்தார்.

4. விளக்கம் கொடுங்கள், நிறையக் கொடுங்கள்

வாஷிங்டன் போஸ்ட் கேட்டது. வாடம்ஸின் முதல் பதில் ஒரு கெட்ட வார்த்தை. இரண்டாவது, செனட்டர் மன்னிப்புக் கேட்க எதுவுமே இல்லை என்பது. இந்த இரண்டையும் இதே வரிசையில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் கையாளும் வரிசையும் இதுதான்.

மக்காக்கா என்றால் என்ன? எனக்குத் தெரியாது என்றார் ஆலன். சித்தார்த்தின் முடிவெட்டைப் பார்த்து எங்கள் ஆட்கள் அவருக்கு ‘மோஹாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அது மாதிரி ஏதோ வாயில் வந்திருக்கும் என்றார். அதாவது, இல்லை ஐயா, இது இனவெறி இல்லை, முகாமுக்குள் நாங்கள் வழக்கமாக வைக்கும் பட்டப்பெயர்தான். இரண்டாம் படியை வேட்பாளர் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார் பாருங்கள்!

ஒரு சிறு சிக்கல். பையனுக்கு மோஹாக் வெட்டு இல்லை. நடுவில் கொண்டை மாதிரி நிற்பதுதான் மோஹாக். அவருடையது மேலே ஒட்டக் கத்தரித்து, பின்னால் நீளமாக விட்ட ‘மல்லெட்’. அதை அவரே பத்திரிகையிடம் சொன்னார். ஆக, ஒரு செனட்டரின் அரசியல் எதிர்காலம் ஒரு மாணவனின் தலைமுடியில் வந்து மாட்டிக்கொண்டது. விளக்கம் சொன்னால் இப்படித்தான் சொல்லவேண்டும்: எதிராளி சலூன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாலே உடைந்துபோவதாக.

இதற்குள் நாடு முழுக்க அகராதியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. குரங்கினத்தின் பெயர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வட ஆப்பிரிக்காவில் உள்ளூர் மக்களை இழிவாகச் சொல்லும் வசை. ஆலனின் அம்மா வளர்ந்தது துனீசியாவில், பேசியது பிரெஞ்சு. தெரியாமல் வந்த வார்த்தை என்று ஆலன் கடைசிவரை சொன்னார். இருக்கலாம். ஆனால் முதல் நாளே வாயை மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தால் அம்மா வளர்ந்த ஊர்வரை யாரும் போயிருக்கமாட்டார்கள் என்பதுதான் என் கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

5. தொலைபேசியைத் தொடாதீர்கள்

ஆகஸ்ட் 11-இல் பேசினார். சித்தார்த்தைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டது ஆகஸ்ட் 23-இல். நடுவில் அறிக்கைகள் வந்தன. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்கிற ரகம். புண்பட்டது எதிராளியின் தோலில் இருக்கிற குறைபாடு, கத்தியின் குற்றமில்லை என்று சொல்லும் வருத்தம். உங்களுக்குப் பழக்கமான ரகம்தான். போன வாரம்கூட ஒருவரிடம் சொன்னீர்கள்.

ஒரு நிமிஷ வேலையை இப்படி இழுத்தடிக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. தாக்கியே பிழைத்தவனுக்கு மன்னிப்பு என்பது எதிராளி ஒரு புள்ளி எடுப்பது. கோல் விழவிடக்கூடாது. அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, தினமும் ஒரு தலைப்புச் செய்தி கொடுத்து, எல்லாரும் களைத்துப்போன பிறகு அதே மன்னிப்பை முழுசாகக் கேளுங்கள். விலை ஒன்றுதான், வட்டிதான் அதிகம்.

6. உள்ளுக்குள் ஒரு குறிப்பு அனுப்புங்கள்

தலைமை ஆதரவாளர்களுக்கு, ரகசியமாக. ஊடகமும் வெப் ஆட்களும் சேர்ந்து ஒன்றுமில்லாததை ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்று எழுதுங்கள். வாடம்ஸ் எழுதினார். அது கசிந்தது. ரகசியக் குறிப்பு கசியாமல் இருந்தால் அதை யார் படிப்பார்கள்? மேடையில் வருத்தம், காகிதத்தில் முறைப்பு என்று இரண்டும் ஒரே வாரத்தில் வெளியானால்தான் வருத்தத்தின் எடை என்ன என்று வாக்காளருக்குத் தெரியும்.

7. கேள்வி கேட்டவர் மேல் பாயுங்கள்

செப்டம்பர் 18, டைசன்ஸ் கார்னரில் விவாதம். பெக்கி ஃபாக்ஸ் என்கிற தொலைக்காட்சி நிருபர், உங்கள் அம்மா வழியில் யூத வேர்கள் உண்டா என்று கேட்டார். ஆலன் கொதித்தார், அவதூறு என்கிற தொனியில் பேசினார். அரங்கில் இருந்தவர்கள் நிருபருக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். மறுநாள் ஆலன் தரப்பு அறிக்கை: ஆமாம், உண்டு.

இந்த ஒரு இடத்தில் நான் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றிவைக்கிறேன். கேள்வி நாகரிகமானதில்லை. ஆலனுடைய அம்மாவின் தகப்பனாரை நாஜிகள் துனிஸில் சிறையில் அடைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பயம் வரக்கூடாது என்றுதான் அம்மா வாழ்நாளெல்லாம் மறைத்தார், மகனிடம் சொன்னதே அந்த ஆகஸ்டில்தான், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. இதைச் சொல்லிவிட்டு ஆலன் அமைதியாக உட்கார்ந்திருந்தால் எதிர்க்கட்சிக்காரனும் எழுந்து நின்றிருப்பான்.

தொப்பி மறுபடி தலையில். ஆலன் என்ன செய்தார்? மதியம் பன்றித்தொடைக் கறி சாண்ட்விச்தான் சாப்பிட்டேன், அம்மாவும் பன்றிக் கறியை அருமையாகச் சமைப்பார் என்று ரிச்மண்ட் பத்திரிகைக்குச் சொன்னார். கவனியுங்கள்: அனுதாபம் தட்டில் வந்து விழுகிறது, தட்டையே தட்டிவிடுகிறார். இதை எந்த வியூகப் பள்ளியிலும் சொல்லித்தர முடியாது.

8. நல்ல சரக்கைத் தூக்கி எறியுங்கள், மட்டமானதைக் கையில் எடுங்கள்

இந்தப் படியில் சற்று நிதானமாக நில்லுங்கள். மற்றதெல்லாம் வேட்பாளரின் வாய் செய்த வேலை. இது வியூகத்தின் வேலை.

எதிராளி வெப் புனிதரில்லை. வியட்நாமில் நேவி கிராஸ் பதக்கம் பெற்ற வீரர், ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலர். 2000-இல் ஆலனை ஆதரித்தவரே இவர்தான்! அப்படிப்பட்டவர் 1979-இல் ஒரு மாத இதழில், பெண்களால் போர் செய்யமுடியாது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கடற்படை அகாடமியில் படித்த பெண்களே 2006 செப்டம்பரில் வந்து, அந்தக் கட்டுரையால் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள் என்று பேசினார்கள். இது கனமான விஷயம். பதில் சொல்ல வெப் திணறக்கூடிய விஷயம். பெண் வாக்காளர்கள் யோசிக்க ஆரம்பிக்கிற விஷயம். சாதாரண மூளையாக இருந்தால் தேர்தல் நாள்வரை இதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அசாதாரண மூளை என்ன செய்யும்? வெப் நாவலாசிரியர் அல்லவா, நாவல்களைப் புரட்டும். அக்டோபர் 26. தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெப்பின் நாவல்களில் பாலியல் காட்சி வரும் பகுதிகளைக் கத்தரித்து, தொகுத்து, ஆலன் தரப்பு வெளியிட்டது. போர்க் கதைகளில் வரும் சிப்பாய்கள் தோத்திரம் பாடவில்லையாம். அதற்கு முன்னால் வர்ஜீனியாவில் எத்தனை பேர் அந்த நாவல்களைப் படித்திருப்பார்களோ, அந்த வாரம் நிச்சயமாகக் கூடியிருப்பார்கள். துணை ஜனாதிபதியின் மனைவி லின் சேனி எழுதிய நாவலை யாராவது படித்துப் பார்த்தீர்களா என்று வெப் திருப்பிக் கேட்டார். பெண்களைப் பற்றிய கனமான கேள்வி காற்றில் போனது. மேடையில் மிஞ்சியது, ஒரு நாவலாசிரியர் நாவல் எழுதினார் என்கிற குற்றச்சாட்டு.

கோடு போட்ட வாக்கியத்தை இப்போது எடுத்துப் படியுங்கள். நிஜம்தான் முக்கியம், கற்பனை அல்ல.

9. காலைப் பாருங்கள்

ஆலன் போட்டது கவ்பாய் பூட்ஸ். வெப் போட்டது, ஈராக்கில் மரைன் படையில் இருந்த தன் மகனின் போர்க்கள பூட்ஸ். இதைப் பார்த்தும் உங்கள் வேட்பாளரின் காலணியை மாற்றாதீர்கள். படி முடிந்தது.

10. முடிவு வந்ததும் அலையைக் குறைசொல்லுங்கள்

நவம்பர் 7. ஏறக்குறைய 23.7 லட்சம் ஓட்டில் 9,329 ஓட்டு வித்தியாசம். ஆலன் மறு எண்ணிக்கை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 9-ஆம் தேதி கௌரவமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். (ஆகஸ்டில் இந்த ஆலன் எங்கே போயிருந்தார் என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள்.) வெப்பின் அந்த ஒரு இடத்தோடு செனட் 51-49 என்று ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. 2004-இல் அந்தக் கட்சியின் தலைவரையே வீழ்த்தி வாங்கிய பெயர், 2006-இல் அந்தக் கட்சிக்கே மன்றத்தைத் திறந்துவிட்டது.

காரணம் கேட்டால் ஈராக் போர் என்று சொல்லுங்கள், புஷ் மீதான வெறுப்பு என்று சொல்லுங்கள், வாஷிங்டனை ஒட்டிய புறநகர்கள் மாறிவிட்டன என்று சொல்லுங்கள். எல்லாமே உண்மைதான். இவ்வளவு உண்மை கைவசம் இருக்கும்போது மஞ்சள் சட்டையைப் பற்றி எதற்குப் பேச்சு? 9,329 என்பது எந்தக் காரணமும் தன்னால்தான் என்று உரிமை கோரக்கூடிய எண்ணிக்கை. எதிர்முகாமும் அதைத்தான் செய்யும். அவர்களுக்கு எல்லாமே அந்த ஒரு வார்த்தையால்தான்.

11. அடுத்த வாடிக்கையாளரைப் பிடியுங்கள்

தோல்வி உங்கள் தொழிலைப் பாதிக்கும் என்று பயப்படாதீர்கள். தோற்பது வேட்பாளர். ஆலன் 2012-இல் அதே இடத்துக்கு மறுபடி நின்று, டிம் கெய்னிடம் மறுபடி தோற்றார். வாடம்ஸ் 2007-லேயே ஊருக்குத் திரும்பி, கொலராடோ குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவரானார்.

2008-இல் அங்கே செனட்டுக்கு நின்ற பாப் ஷாஃபரின் பிரசாரத்தையும் அவரே நடத்தினார். எதிராளி மார்க் யுடாலுக்குப் பெயர் தயார்: ‘போல்டர் லிபரல்’. போல்டர் என்கிற ஊர்ப் பெயரையே வசையாக்கி, வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னார். ஷாஃபர் அசல் கொலராடோ மண்ணின் மைந்தர் என்று காட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. மாநிலத்தின் பெருமையான பைக்ஸ் பீக் மலையைப் பற்றிப் பேசும்போது பின்னால் பனி மூடிய சிகரம் ஒன்று எழுந்தது. அது அலாஸ்காவில் இருக்கிற மக்கின்லி. கொலராடோக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார்கள், ஷாஃபர் தரப்பு படத்தை மாற்றி விளம்பரத்தைத் திருப்பி ஓட்டியது. நவம்பரில் யுடால் சுமார் 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஆகவே, விளம்பரம் ஒளிபரப்பாவதற்கு முன்னால் மலையைச் சரிபார்க்க உள்ளூர்க்காரர் யாரையும் கூப்பிடாதீர்கள். உங்கள் கட்டணத்தை மட்டும் ஆகஸ்டுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.